புயல் நாட்களின் ஹைட்ரஜன்

மனைவி பேச்சித்தாய் இறந்தபின் மாசானமுத்துவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் அவர். மலைமேல் இருந்த வானாய்வு மையத்தில் போய் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்துவிட்டார். வழிகாட்டி நிலோஃபருக்கு அவருடைய மகள் வயது. அவர் "மேடம்" என்பார், அவள் "சார்" என்பாள். இதில் யார் குரு, யார் சிஷ்யர் என்று கேன்டீன்காரருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

பூமிக்கு வெகு மேலே, காற்று தீர்ந்துபோகிற உயரத்தில், ஹைட்ரஜன் மெல்லிய போர்வையாகக் கிடக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் அது மினுங்கும். செயற்கைக்கோள் அதைப் பார்த்துச் சொல்லும். அதன் அளவைக் கணக்கிடுவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை.

ஒருநாள் காலையில் வரைபடத்தைக் கொண்டுவந்து நீட்டினார். கோடு சீராக ஓடியது. நடுநடுவே விட்டுப்போயிருந்தது.

"இங்கெல்லாம் என்ன சார் ஆச்சு?"

"காந்தப்புயல் நாள் மேடம். சூரியன்லேருந்து துகள் வந்து மோதி, பூமியோட காந்தப்புலமே குலுங்குற நாள். கருவி தப்பாக் காட்டியிருக்கும்னு கணக்குலேருந்து எடுத்துட்டேன்."

"கருவியைச் சோதிச்சுப் பார்த்தீங்களா?"

"இல்ல." வரைபடத்தை மேசைமேல் வைத்தார். "கெட்ட நாளை எடுத்துட்டா என்ன மேடம் தப்பு? வீட்லயும் நான் அதைத்தான் செய்யுதேன்."

அவள் நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

"முப்பது வருசத்துல அவகிட்ட ஒரு சுடுசொல் கேட்டதில்ல. ஆஸ்பத்திரியில படுத்த பிறகு வேற ஆளாயிட்டா. என்னைக் கண்டாலே விரட்டுவா. வெறுத்துக்கிட்டே போயிட்டாளோன்னு நெஞ்சை அறுக்குது. அதனால அந்த நாளையெல்லாம் நினைக்கிறதே இல்ல."

"எடுத்ததைத் திரும்பச் சேருங்க சார்."

சேர்த்தார். விட்டுப்போன இடத்திலெல்லாம் கோடு மேலே ஏறியது. நம்ப முடியாமல் கருவியின் அளவுகளைச் சரிபார்த்தார். கருவியில் ஒரு குறையும் இல்லை.

"கூடியிருக்கே! சிதறிக் குறைஞ்சிருக்கும்னுல்லா நினைச்சேன். இவ்வளவும் புயலோட வந்ததா மேடம்?"

"இல்ல சார். பூமியோடதுதான். புயல் கிளப்புற சூட்டுல கீழேருந்து மேல வருதுன்னு நினைக்கிறோம். இன்னும் முழுசாத் தெரியல." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "என்ன சொல்லி சார் விரட்டுவாங்க?"

"'உங்க மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல. முதுகுவலிய வச்சுக்கிட்டு இந்த வெறுந்தரையில கிடக்காதீய, வீட்டுக்குப் போய்ப் படுங்க...'"

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். அறுபது வயது மனிதர், மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"கடைசி நாள் நானும் கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன் மேடம். அவ போனதுகூடத் தெரியாம நல்லாத் தூங்கிட்டேன்."

"அவங்க கேட்டது அதைத்தானே சார்," என்றாள் நிலோஃபர்.