ஒன்றும் கேட்காத மனிதர்

குகதாசன் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அவருடைய குரு யோகாம்பிகை அவரைவிட இருபது வயது இளையவர். கிளிநொச்சியிலிருந்து அகதியாக லண்டனுக்கு வந்தவர். ஹாரோவில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடி அறையில் சனிக்கிழமைகளில் தியானம் சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் அவரை அம்மா என்றே அழைத்தார்கள். குகதாசனும் அப்படித்தான்.

அம்மா யாருக்கும் பயந்ததில்லை. ஒரு கோயில் திருவிழாவில், சாமியின் பெயரைவிடப் பெரிதாகத் தன் பெயரை வாசலில் பொறித்துக்கொண்ட தர்மகர்த்தாவிடம், கூட்டத்தின் நடுவே, "இங்கே குடியிருப்பது நீங்களா, அவரா?" என்று கேட்டவர். அந்தக் கூட்டத்தில் குகதாசனும் நின்றிருந்தார். அதன் பிறகுதான் அவர் அம்மாவிடம் வரத் தொடங்கினார்.

ஒரு சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"என்ன ஐயா?"

"வெலிமிர் என்று ஒரு கோடீஸ்வரர் இருக்கிறார் அம்மா. கிழக்கே ஒரு நாட்டில் சுரங்கங்கள் வைத்திருப்பவர். இப்போது இந்த நாட்டுக் குடிமகன். எங்கள் கட்சிக்கு நன்கொடை தருகிறார். என் தேர்தல் செலவிலும் பெரும்பகுதி அவர் தந்ததுதான். எல்லாம் சட்டப்படி."

"சரி."

"என் தொகுதியில் தமாரா என்று ஒரு பெண் இருக்கிறார். அதே நாட்டவர். வெலிமிரின் சுரங்கத்துக் கழிவுநீரைத் தேக்கிவைத்த அணை உடைந்து, கீழேயிருந்த கிராமம் சேற்றில் புதைந்துபோனது. அணை தாங்காது என்று முன்பே எச்சரித்த பொறியாளர் தமாராவின் கணவர். அவரைத்தான் சிறையில் போட்டார்கள். அங்கேயே செத்துப்போனார்."

"அந்தப் பெண் உங்களிடம் என்ன கேட்கிறார்?"

"பெயரை மறைத்து லண்டனில் மாளிகை வாங்குகிறவர்கள் யார், பணம் எங்கிருந்து வந்தது என்று வெளியே சொல்ல வைக்கும் சட்டம் ஒன்று சபைக்கு வருகிறது. அந்த விவாதத்தில் நான் எழுந்து, அணை உடைந்ததைப் பற்றிப் பேசித் தன் கணவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்கிறார்."

"சொல்வீர்களா?"

குகதாசன் சன்னல் பக்கம் திரும்பினார். "அந்தச் சட்டத்தில் சில சிக்கல்கள் இருக்கின்றன. அவசரப்பட வேண்டாம் என்று பார்க்கிறேன்."

"வெலிமிர் அப்படிச் சொல்லச் சொன்னாரா?"

"இல்லை அம்மா. அதுதான் என் கேள்வியே. அவர் இன்றுவரை என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. ஒரு போன்கூட வந்ததில்லை. ஒன்றுமே கேட்காத மனிதரிடம் வாங்குவதில் என்ன பிழை?"

அம்மா தரையில் விரித்திருந்த பாயைச் சுருட்டினார்.

"எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போவீர்களா?"

வெலிமிர் தன் வீட்டில் ஞாயிறு மதிய விருந்து கொடுப்பது வழக்கம். அடுத்த விருந்துக்குக் குகதாசன் அம்மாவை அழைத்துப் போனார்.

அந்த வீட்டின் நடுக்கூடத்தில் ஒரு ஒலிவ மரம் நின்றது. பல நூற்றாண்டு வயதான மரம். வேரும் மண்ணுமாகக் கப்பலில் கொண்டுவந்து, அது நிற்பதற்காகவே கூரையை உயர்த்திக் கண்ணாடியால் கட்டியிருந்தார்கள். அதன் நிழலில் இரண்டு அமைச்சர்களும் ஒரு பத்திரிகை ஆசிரியரும் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரும் பேசிக்கொண்டு நின்றார்கள். அம்மா கழுத்தை வளைத்து அந்த மரத்தை உச்சிவரை பார்த்தார். அவர் எதையும் அப்படிப் பார்த்துக் குகதாசன் கண்டதில்லை.

வெலிமிர் மெலிந்த, மென்மையாகப் பேசுகிற மனிதர். வாசலுக்கு வந்து அம்மாவைக் கைகூப்பி வரவேற்றார். அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். மேசையில் எல்லோருக்கும் மீனும் இறைச்சியும் வந்தன. அம்மாவுக்கு மட்டும் கேழ்வரகு மாவில் அவித்த குரக்கன் பிட்டும், தேங்காய்ப்பூ போட்டு வதக்கிய முருங்கையிலை வறையும் வந்தன.

அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கள் ஊர்ச் சமையல்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம்" என்றார் வெலிமிர். "சரியாக வந்திருக்கிறதா?"

அம்மா ஒரு வாய் உண்டார். அவருடைய கண்கள் கலங்கின. "என் அம்மா செய்வது போலவே இருக்கிறது."

வெலிமிர் அவருடைய தாயைப் பற்றிக் கேட்டார். ஊரைப் பற்றி, போரைப் பற்றிக் கேட்டார். இடைமறிக்காமல் கேட்டார். தனக்கென்று ஒன்றையும் கேட்கவில்லை.

விருந்து முடியும் நேரத்தில் பேச்சு எப்படியோ அந்த அணையின் பக்கம் போனது. வெலிமிர் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"மழை" என்றார். "அந்த வருடம் மழை அப்படி. யாரை நொந்துகொள்வது? பாவப்பட்ட மக்கள்."

அமைச்சர்கள் தலையாட்டினார்கள். ஆசிரியர் தலையாட்டினார். நீதிபதி பெருமூச்சு விட்டார். குகதாசன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். இதோ, இப்போது கேட்கப்போகிறார் என்று நினைத்தார்.

அம்மா மெல்லத் தலையாட்டினார். பிறகு தட்டில் மிச்சமிருந்த பிட்டைச் சாப்பிட்டார்.

காரில் ஏறியதும் குகதாசனுக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே எதையோ இழந்துவிட்டது போலவும் இருந்தது.

"நீங்களே ஒன்றும் சொல்லவில்லை அம்மா. அப்படியென்றால் அவரிடம் வாங்குவதில் பிழை இல்லைதானே?"

"தமாரா வீட்டுக்குப் போகலாம்" என்றார் அம்மா.

தமாரா ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டிடத்தில் இருந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவைத் திறந்தவருக்குத் தன் தொகுதி உறுப்பினரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சபையில் பேசச் சம்மதித்து வந்திருக்கிறார் என்று எண்ணிவிட்டார். குகதாசன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

அம்மா உள்ளே போய்த் தமாராவின் முன்னால் நின்றார்.

"நான் வெலிமிரின் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். அணை மழையால் உடைந்தது என்று அவர் சொன்னார். உங்கள் கணவரைப் பற்றி எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன்."

சொல்லிவிட்டுத் தரையில் விழுந்து தமாராவின் பாதங்களைத் தொட்டார்.

குகதாசன் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பாதங்களில் கிடப்பது, ஊரே கைகட்டி நின்ற இடத்தில் வாய் திறந்த மனிதர்.

தமாராவுக்கு அந்த வணக்கம் புரியவில்லை. பதறிப்போய்க் குனிந்து அம்மாவைத் தூக்கினார். பிறகு இருவரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"அந்த மனிதருக்குத் தலையாட்டியவர்கள் நிறையப் பேர்" என்றார் தமாரா. "என் கணவரைச் சிறைக்கு அனுப்பிய எங்கள் நாட்டு நீதிபதிகூடத் தலையாட்டினார். வந்து சொன்னது நீங்கள் மட்டும்தான்."

அவர் தேநீர் போட்டுக் கொடுத்தார். அம்மா குடித்தார். குகதாசன் கோப்பையைத் தொடவில்லை.

திரும்பிப் படியிறங்கும்போது அவர் அம்மாவின் பின்னால் நின்றுவிட்டார்.

"அம்மா, உங்களுக்கா இப்படி நடந்தது? அவர் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லையே."

"ஓம் ஐயா, கேட்கவில்லை." அம்மா கைப்பிடியில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தார். "கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். ஒரு நேரச் சாப்பாட்டுக்கே என் நாக்கை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நீங்கள் எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறீர்கள்?"

குகதாசன் திரும்பி மேலே ஏறிப் போய்த் தமாராவின் கதவைத் தட்டினார்.