பூதம் வாய்விட்ட வார்த்தை

பகடை உருட்டி, கற்பனைக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் போடும் ஆட்டம் எங்களுடையது. கதையை நடத்துகிறவர் ஞானதேசிகன். அவர் வைத்ததுதான் சட்டம். புதிதாக வந்த பொற்கொடி டீக்காரி வேஷம் எடுத்தாள். எல்லாரும் அவள் பேச்சுக்கே விழுந்து விழுந்து சிரித்தோம். தேசிகனுக்குப் பொறுக்கவில்லை.

அன்று டீக்காரி கோட்டை வாசலுக்கு வந்தாள். வாசலில் காவல் பூதம். அதற்குப் பேசுவதும் தேசிகன்தான்.

“ஒற்றைப் பகடையில் ஏழு விழுந்தா உள்ளே விடுவேன்.”

“ஏழா? செத்தேன்!” என்று சிரித்தாள் பொற்கொடி.

“மேஜையில் சொன்னது கதையில் நடந்த மாதிரி. உனக்குப் பாதி உயிர் போச்சு!” என்றார் தேசிகன்.

அவள் வாதாடவில்லை. “சரி, பூதம் சார், ஒரு டீ குடிங்க.”

“எனக்கும்!” “எனக்குச் சர்க்கரை கம்மியா!” என்று நாங்கள் கை நீட்டினோம். தேசிகனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“டீயும் வேணாம், ஒண்ணும் வேணாம்! எங்கேயாவது போய்த் தொலை!” என்று கத்தினார்.

பொற்கொடி மேஜை வரைபடத்தில் இருந்த தன் காயை எடுத்துக் கோட்டைக்குள் வைத்தாள்.

“மேஜையில் சொன்னதுதானே கணக்கு? பூதமே எங்கே வேணும்னாலும் போகச் சொல்லிடுச்சு. டீயை வாசல்லயே வெச்சிருக்கேன் சார். இஞ்சி தட்டிப் போட்டது, வயித்தெரிச்சலுக்கு நல்லது.”