கரியாளின் வயிற்றுத் தாளம்

கரியாள் என்ற காட்டெருமை குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்தாள். பால்குடி மறக்காத கன்றும் ஒட்டிக்கொண்டே வந்தது. அவள் வயிறு எப்போதும்போல ‘கடமுடா, கடமுடா’ என்றது.

அக்கரையில் நின்ற புள்ளிமான்கள் காதைத் தூக்கின.

“ஏண்டி, மேகத்தையே காணோம், இடி மட்டும் இடிக்குது!”

“இடி இல்லேடி, நம்ம கரியாள் அக்கா வர்றா!”

மான்கள் சிரித்த சிரிப்பில் கரியாள் தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிட்டாள்.

“கிடக்குதுங்க, விடு தாயி” என்றது அவள் முதுகில் இருந்த உண்ணிக்கொக்கு. “உன் குடல் சுவருக்குள்ளே கண்ணுக்கே தெரியாத தாளக்காரங்க இருக்காங்க. அவங்க தட்டத் தட்டத்தான் குடல் சுருங்கி விரியுது, தின்ன புல் நகருது. நீ தூங்கினாலும் அவங்க தூங்கறதில்லே. உன் முதுகிலேயே கிடக்கிற என் காலுக்குத் தெரியாதா!”

“தாளக்காரங்களாம்! என் மானம் போகுது!”

நேரே மரத்து மந்தியிடம் போனாள். “இந்தச் சத்தத்தை அடக்க மருந்து இருக்கா?”

மந்திக்கு மருந்து தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வராது. “ஊமத்தை தின்னு. எல்லாம் அடங்கிடும்!”

“வேண்டாம் தாயி!” கொக்கு சிறகை அடித்துக்கொண்டு கத்தியது. கரியாள் அதை வாலால் விரட்டிவிட்டு, செடியை வேரோடு மென்றாள்.

சத்தம் நின்றது. நிமிர்ந்து குளத்துக்கு நடந்தாள். மான்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. எவ்வளவு பெருமை அவளுக்கு! மேய்ந்தாள், மேலும் மேய்ந்தாள். தின்றது தின்ற இடத்திலேயே நின்றது. பொழுது சாய்வதற்குள் வயிறு பானையாய் உப்பிவிட்டது. மூச்சு முட்டி, கால் மடங்கிச் சாய்ந்தாள்.

கன்று அவள் வயிற்றில் காதை வைத்துப் படுத்தது. அந்தச் சத்தம் கேட்டால்தான் அதற்குத் தூக்கம் வரும்.

“அம்மா, சத்தம் எங்கேம்மா?”

திரும்பி வந்திருந்த கொக்கின் பக்கம் கரியாள் கண்ணைத் திருப்பினாள். “கொக்கே... அவங்களைத் திரும்பத் தட்டச் சொல்லேன்...”

“நான் சொன்னா அவங்களுக்குக் கேக்காதே, தாயி!” கொக்கு அழுதது.

சூரியன் மறையும்போது கரியாளின் மூச்சும் நின்றது. தண்ணீருக்கு வந்த மான்கள் குடிக்காமலே திரும்பின. கன்று மட்டும் காதை இங்கே ஒருதரம், அங்கே ஒருதரம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தது.

நாலு பேர் சிரிக்கிறார்களே என்று, உள்ளே இருந்து நமக்காக உழைப்பவர்களின் வாயை அடைத்துவிடக் கூடாது, பிள்ளைகளே.