குத்தாலத்துச் சருகும் குழாயடிக் குடமும்

கோவில்பட்டியில கத்திரி வெயில் தொடங்கிட்டா காக்காகூட நிழலு பாத்துத்தான் பறக்கும். அந்த வெயில்ல மொட்டைமாடித் தோட்டம் போட்டவ பாடு என்னன்னு தங்கபுஷ்பத்தைக் கேக்கணும். ஜாக்கெட் தைக்கிற நேரம் போக, ஓட்டைக் குடத்துலயும் சிமெண்டுச் சாக்குலயும் கத்தரி வச்சு வளத்திருந்தா. காலையில ஊத்துன தண்ணி மத்தியானத்துக்கு இருக்காது. பூவெடுத்த செடியெல்லாம் தலையத் தொங்கப் போட்டுருச்சு. மண்ணு காயாம மேல சருகோ வைக்கோலோ பரப்பி மூடாக்குப் போட்டாப் பொழைச்சுக்கிடும். வைக்கோல் விலைக்கு மாடு வச்சிருக்கிறவனே யோசிக்கான். சருகு பொறுக்கலாம்னா, அந்தத் தெருவுல மரம்னு நிக்கிறது கரண்டுக் கம்பம் மட்டும்தான்.

எதுத்த மாடியில பரமகுரு அண்ணாச்சி வீட்டுத் தக்காளியோ கொழுகொழுன்னு தொங்குது. மனுசன் லாரி ஆபீஸுல வேலை பாத்து ஓய்வானவர். இப்ப சரக்கு ஏத்துறதில்ல, புளுகுதான் ஏத்துறார்.

அன்னைக்குச் சாயங்காலம் தெருக்குழாயில தண்ணி வரும்னு பேச்சு. குடமெல்லாம் வரிசை கட்டிருச்சு. முதக் குடம் அண்ணாச்சியோடது, அடுத்தது தங்கபுஷ்பத்தோடது. அந்தக் குழாயடிக்கு ஒரு சட்டம் உண்டு. "என் குடத்தைப் பாத்துக்கோங்க"ன்னு ஒருத்தர் கேட்டு, இன்னொருத்தர் சரின்னுட்டா, அவங்க திரும்பி வர்ற வரைக்கும் சரின்னவர் எடத்தை விட்டு அசையக்கூடாது. அசைஞ்சா அவரு குடம் கடைசிக்குப் போயிரும்.

தங்கபுஷ்பம் மெதுவாக் கேட்டா. "அண்ணாச்சி, மூடாக்குக்கு என்னத்தப் போடுதீங்க? எடத்தைச் சொன்னா நானும் ஒரு சாக்கு அள்ளிக்கிடுவேன். ஒரே சாக்கு போதும்."

அண்ணாச்சி துண்டை உதறித் தோளுல போட்டார். அந்தத் துண்டு உதறுனா ஊருக்குத் தெரியும், வண்டி கெளம்பிருச்சுன்னு.

போன ஆடியில காத்து அடிச்சுதுல்ல, அப்ப அவரு சம்சாரத்தோட பழைய சேலை ஒண்ணை மாடியில நாலு மூலையும் கட்டி விரிச்சாராம். பொழுது சாயறதுக்குள்ள குத்தால மலைச் சருகு மொத்தமும் பறந்து வந்து அதுல விழுந்துருச்சாம். சருகுக்குள்ள ஒரு கொரங்கு வேற, தூக்கம் கலையாமலே வந்து சேந்துச்சாம். ஆட்டோ ஓட்டுற செண்பகராஜ், கொரங்கு அப்புறம் என்னாச்சுன்னு கேட்டான். பஸ் ஏத்தி அனுப்பிட்டாராம். கண்டக்டர் அரை டிக்கெட்டுதான் போட்டாராம்.

சருகை முழங்கால் ஒசரம் பரப்பி ஒரே ஒரு டம்ளர் தண்ணி தெளிச்சாராம். அந்த ஈரம் இன்னைக்கு வரைக்கும் காயலையாம். அந்தக் குளுமையில தவளை குடும்பத்தோட வந்து குடியேறிருச்சாம். கீழ்வீட்டுல அவரு சம்சாரம் கத்திரியில ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத் தோசை சுடுறாளாம். போன வாரம் ஒரு மழைமேகம் மாடியக் கம்மாய்னு நெனச்சு எறங்கிப் படுத்திருச்சாம். வெளக்குமாத்தை எடுத்து, பெய்யிறதா இருந்தாக் கம்மாயில போய்ப் பெய்யி, எங்க மாடி தாங்காதுன்னு வெரட்டி விட்டாராம்.

இம்புட்டுத் தண்ணி இருக்கிற மனுசன் எதுக்குக் குடத்தோட குழாயடியில நிக்கணும்னு செண்பகராஜ் மடக்கினான். அண்ணாச்சி அசரல. அவரு பிடிக்க வரலையாம், மாடியில மிஞ்சுன தண்ணிய இந்தக் குழாய்க்குள்ள ஊத்தி விட வந்தாராம். தெருவே அதைத்தான் குடிக்குதாம்.

தங்கபுஷ்பம் சிரிக்கல. மடியில இருந்து சின்னதா ஒரு செடியை எடுத்தா. மத்தியானம் அண்ணாச்சி சம்சாரம் தந்த தக்காளி நாத்தோட வேருல ஒட்டிக்கிட்டு வந்தது. பச்சைக் கடலைச் செடி, அடியில கடலை ஓடு, அதான் தொலி, அப்படியே தொங்குது. பின்தெருவுல கடலைமிட்டாய்க் கொட்டகை இருக்கு. அங்க ஒடைச்சுக் கழிக்கிற தொலி அடுப்புக்குப் போகுதுன்னுதான் எல்லாரும் நெனச்சிருந்தாங்க. அது அண்ணாச்சி மாடிக்குத்தான் போகுதுன்னு, தொலியில தப்புன ஒரு பருப்பு மொளைச்சு வந்து சாட்சி சொல்லுது.

"குத்தால மலையில கடலை வெளையுதா அண்ணாச்சி?"

அண்ணாச்சி கண்ணுகூடச் சிமிட்டல. "அது அந்தக் கொரங்கு வாயில அடக்கி வச்சிருந்த கடலை, தாயி. கொறட்டை விட்டதுல சிதறிருச்சு."

குழாயடியே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. அண்ணாச்சிக்கு நெஞ்சு நிமிந்துருச்சு.

"அப்பச் சரி. என் குடத்தைக் கொஞ்சம் பாத்துக்கோங்க அண்ணாச்சி."

"பாத்துக்கிடுதேன், நீ போயிட்டு வா தாயி."

தங்கபுஷ்பம் சேலையை இழுத்துச் செருகிக்கிட்டா. "கடலைமிட்டாய்க் கொட்டகைக்குத்தான் போறேன். அண்ணாச்சிக்குச் சருகு குத்தாலத்துல இருந்தே வந்துருதாம், இனிமே தொலிமூட்டையை எங்க வீட்டுல எறக்குங்கன்னு சொல்லிட்டு வந்திருதேன்."

அண்ணாச்சி மொகம் செத்துப்போச்சு. அவ பின்னாலயே ஓட ஒரு கால் எடுத்து வச்சார். குழாய் ரெண்டு தரம் செருமிட்டுத் தண்ணியக் கக்குச்சு. சரின்னு சொல்லிட்டீங்கல்ல, அசைஞ்சீங்கன்னா குடம் கடைசிக்குன்னு செண்பகராஜ் ஞாபகப்படுத்தினான். வேற வழியில்லாமக் குனிஞ்சு தன் குடத்தை நெரப்பி வச்சிட்டு, அவ குடத்தைப் பிடிக்க ஆரம்பிச்சார்.

தெருமுனையில நின்னு திரும்பிப் பாத்துத் தங்கபுஷ்பம் சத்தமாச் சொன்னா:

"என் குடம் நெறைஞ்சுட்டா, உங்க குடத்தைக் குழாய்க்குள்ளயே ஊத்திருங்க அண்ணாச்சி. தெரு குடிக்கணும்ல."