நோவுப் பரிசோதகரின் சொம்பு

செம்பியூர் ராஜ்யத்தில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. போரில் ஊனமானவனுக்கு ஆயுசு பூராவும் அரண்மனைச் சோறு. வேலைக்கு வர வேண்டாம். கை போனவன், கால் போனவன் பாடு சுலபம், பார்த்தாலே தெரிந்துவிடும். வலிக்கிறது, மனசு சரியில்லை என்று வருகிறவன் பாடுதான் திண்டாட்டம். அவன் நோவுப் பரிசோதகர் சர்வேசப் பண்டிதரிடம் தேற வேண்டும். பத்து வருஷமாக அவர்தான் அந்தப் பதவியில் இருந்தார். ஒருத்தனாவது தேறினானா என்றால், மூச்! அரண்மனைச் சோறு மிச்சமாகிறதே என்று மந்திரிகளுக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம்.

அன்றைக்கு யானைப்பாகன் இருளப்பன் சபைக்கு வந்து நின்றான். போரில் மிரண்ட யானை அவனைத் தூக்கி எறிந்தது. அவன் கண்ணெதிரே தம்பியை மிதித்துக் கொன்றது. அன்றிலிருந்து அவன் இடுப்பு நிமிரவில்லை. எங்கேயாவது யானை பிளிறினால் போதும், உடம்பெல்லாம் உதறும். மனு தள்ளுபடியானால் மறுநாளே யானைக் கொட்டாரத்து வேலைக்குத் திரும்ப வேண்டும்.

பண்டிதர் தளும்பத் தளும்பத் தண்ணீர் நிரப்பிய சொம்பை அவன் கையில் கொடுத்தார். "சபையைச் சுற்றி நடடா!"

பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். பாதி வழியில் தண்ணீர் சிந்தியது.

"பார்த்தீர்களா மகாராஜா! வேண்டுமென்றே சிந்துகிறான். அத்தனையும் நடிப்பு!"

வாய்த்துடுக்குக்கும் மூளைக்கும் பேர்போன அரண்மனை விகடகவி கூத்தையன் எழுந்தான். "சிந்தாமல் நடந்திருந்தால் பண்டிதரே?"

"இடுப்பு கல்லு மாதிரி இருக்கிறது என்று எழுதியிருப்பேன்."

"மனசு?"

"தம்பியைப் பற்றிக் கேட்டேன். அழவே இல்லை. துக்கம் இருக்கிறவன் அழமாட்டானா?"

"நேற்று வந்த வில்லாளி ஓவென்று அழுதானே?"

"அது வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்த அழுகை ஐயா!"

கூத்தையனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி, அழுதாலும் குற்றம், அழாவிட்டாலும் குற்றமா?

இருளப்பன் கும்பிட்ட கையை இறக்கவில்லை. "சாமி, சோறுகூட வேண்டாம். கொட்டாரத்துக்கு மட்டும் அனுப்பிடாதீங்க."

மன்னர் வீரகேது தள்ளுபடி ஓலையில் முத்திரை வைக்கக் கையை நீட்டினார். கூத்தையன் ஒரே ஓட்டமாக ஓடி அவர் காதில் ஏதோ கிசுகிசுத்தான். மன்னரின் மீசை துடித்தது. அடுத்த கணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

"அம்மாடி! குத்துகிறதே! உயிர் போகிறதே!"

பண்டிதர் விழுந்தடித்து ஓடினார். "ஐயையோ, கடும் சூலை! ராஜ்யக் கவலையில் மனசும் நொந்திருக்கிறது. நாற்பது நாள் ஓய்வு வேண்டும்!"

"சொம்பைக் கொண்டுவரட்டுமா?" என்றான் கூத்தையன்.

"சீ! உனக்குப் பைத்தியமா? வலிக்கிறது என்று மன்னரே சொல்கிறார். அதற்குமேல் என்ன சோதனை வேண்டிக்கிடக்கிறது?"

"நியாயம்தான். மெய்யான வலி என்று ஓலையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்."

பண்டிதர் சடசடவென்று எழுதிக் கொடுத்தார். எழுத்தாணியைக் கீழே வைத்ததுதான் தாமதம், மன்னர் சிங்காசனத்திலிருந்து குதித்து இறங்கினார். சபை அதிரச் சிரித்தார்.

"வலியும் இல்லை, மண்ணும் இல்லை! கூத்தையன் நடிக்கச் சொன்னான், நடித்தேன்!" கையோடு இருளப்பனுக்கு ஆயுசு பூராவும் சோறு என்று உத்தரவு போட்டார். இருளப்பன் நின்ற இடத்திலேயே தேம்பித் தேம்பி அழுதான்.

பண்டிதருக்கு முகம் வெளிறிவிட்டது. "மகாராஜா, பத்து வருஷச் சேவையில் இது ஒரே ஒரு பிசகு..."

"பிசகா?" என்றான் கூத்தையன். "பத்து வருஷத்தில் நீங்கள் மெய் என்று எழுதிக் கொடுத்த ஒரே வலி இதுதான் பண்டிதரே. அதுவும் பொய்!"

சபை கொல்லென்று சிரித்தது. மன்னரின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. பத்து வருஷத் தள்ளுபடி ஓலைகள் அத்தனையையும் உடனே எடுத்து வரச் சொன்னார். அவற்றில் இருப்பதெல்லாம் தன்னுடைய முத்திரை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.