மாடு நுழையாத கேட்

"புற்றுநோய் செல்லு சாகவே மாட்டேங்குது மேடம். நேத்தைக்கு இன்னைக்கு இன்னும் கொழுத்துக் கிடக்குது" என்றார் மாசிலாமணி.

அரசுக் கல்லூரியில் வேதியியல் வாத்தியார். வயது நாற்பத்தாறு. புற்றுநோய்க்கு மருந்தாகக்கூடிய குட்டி மூலக்கூறு ஒன்றைச் செய்துவிடலாம் என்று லீவு போட்டு இந்த ஆராய்ச்சி லேபுக்கு வந்திருந்தார். வழிகாட்டி ஜெசிந்தா அவரைவிட இளையவர்.

மாசக் கடைசியில் லீவு முடிகிறது. வெறுங்கையோடு திரும்பினால் ஸ்டாஃப் ரூமில் மானம் போய்விடும்.

"என்ன செஞ்சீங்க சார்?"

"அஞ்சு அணு வளையம். அதுல ஒரு நைட்ரஜன். செல்லுக்குள்ள இருக்கிற புரதத்தைக் கவ்விப் பிடிக்கிறது அதுதான். பிடி இன்னும் இறுகட்டும்னு ஓரத்துல ஒரு குளோரின் மாட்டினேன். பிடிக்குப் போடுற மார்க்கைக் கம்ப்யூட்டர் ஏத்திச்சு. இன்னொரு வளையம் மாட்டினேன். இன்னும் ஏத்திச்சு. அப்புறம் நீளமா ஒரு வால்."

"இப்ப மார்க் எப்படி?"

"லேப்லயே நான்தான் மேடம் முதல்!" அதைச் சொல்லும்போது மட்டும் முகம் மலர்ந்தது.

ஜெசிந்தா மேசையிலிருந்த டீ பிளாஸ்க்கை எடுத்து அவர் தோளில் மாட்டினார்.

"வாங்க, எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வரலாம்."

மழை வந்தாலும் வரும் என்று குடையை எடுத்துக்கொண்டார் மாசிலாமணி. களவு போகும் என்று ஹெல்மெட்டையும். முதுகில் எப்போதும் உள்ள பை. யாராவது கேட்டால் காட்டலாமே என்று, மார்க்கை அச்சடித்த போஸ்டர் கக்கத்தில்.

டீக்கடை வளாகத்துக்கு வெளியே. மாடு நுழையக் கூடாதென்று கம்பியை வளைத்து வளைத்துப் போட்ட சின்ன கேட் வழியாகத்தான் போக வேண்டும்.

ஜெசிந்தா சுளுவாகப் போய்விட்டார்.

மாசிலாமணி நடுவில் மாட்டிக்கொண்டார். குடை ஒரு கம்பியில், பை இன்னொன்றில். வெளியே நின்ற மாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது.

"மேடம், கொஞ்சம் இழுங்களேன்!"

"டீ கொதிக்குது சார்."

நெளிந்தார். முக்கினார். பிறகு அசையாமல் நின்றுவிட்டார்.

"மேடம், என் மூலக்கூறு செல்லுக்குள்ள போகவே இல்லையா?"

ஜெசிந்தா மாட்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

மாசிலாமணிக்கு வந்ததே ஒரு சந்தோஷம்! பின்வாங்கினார். குடை, ஹெல்மெட், பை, போஸ்டர் என்று கண்டதையும் கழற்றி அந்தப் பக்கமே போட்டார். கையை வீசிக்கொண்டு வளைந்து நெளிந்து வெளியே வந்து நின்றார்.

"எல்லாத்தையும் கழட்டிட்டேன் மேடம்! வந்துட்டேன் பாருங்க!"

"ரொம்ப நல்லது சார்" என்று ஜெசிந்தா கையை நீட்டினார். "பிளாஸ்க்?"

மாசிலாமணி தோளைத் தடவினார். திரும்பிப் பார்த்தார்.

"ஐயையோ, என் நைட்ரஜன்!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.