வேலூர் வெயிலில் ஒரு பியோனி

சித்திரை மாதத்தில் வேலூரில் தவறாமல் சொட்டுகிற ஒரே இடம் எங்கள் வீட்டு ஹால்தான். மூன்று மாதமாகச் சீலிங் ஒழுகுகிறது. யாரால் ஒழுகுகிறது என்று தெரிந்தால் அவர் மொட்டை மாடித் தளத்தைச் சரிசெய்ய வேண்டும். தெரியாவிட்டால் நனைகிறவளே செய்துகொள்ள வேண்டும். எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் நீதி அது.

சங்கச் செயலாளர் தசரதன் விசாரிக்க மாடிக்கு வந்தார். கூடவே நானும் போனேன். என் ஹாலுக்கு நேர் மேலே ஒரு பெரிய பூந்தொட்டி. பக்கத்தில் எதிர்வீட்டு ஏகாம்பரம், பிள்ளை பெற்றவள் மாதிரிக் களைப்போடு நின்றிருந்தார். அவர் மனைவி கஸ்தூரி அக்கா ஓரமாக உட்கார்ந்து வடாம் பிழிந்துகொண்டிருந்தார்.

"தொட்டியில என்ன சார்?" என்றார் தசரதன். கேட்கலாமா? கேட்டுவிட்டார்.

"பியோனி! குளிர்நாட்டுப் பூ. காஷ்மீர்ல இருந்து கிழங்கு வரவழைச்சேன். ரெண்டு விரல் ஆழத்துக்கு மேல புதைச்சா பூக்காது. ரோஷக்காரச் செடி சார்."

"இந்த வெயில்ல எப்படி?"

"அங்கதான் நம்ம மூளை! குளிர் பட்டாதான் மொட்டு வைக்கும். முதல்ல ஒரு கிண்ணம் ஐஸ் வெச்சேன். பத்தலை. அப்புறம் மீன் மார்க்கெட்டுல இருந்து ஐஸ் பார். தினம் நாலு பார், தோள்ல தூக்கிட்டு நாலு மாடி ஏறுவேன். கத்திரி வெயில்ல இந்த மாடியில பனி கொட்டுச்சு சார். கைப்பிடிச் சுவர்ல உக்காந்த காக்கா தும்முச்சு!"

"தும்மினது நீங்க. கஷாயம் வெச்சது நான்," என்றார் கஸ்தூரி அக்கா, வடாமைப் பார்த்தபடியே.

ஏகாம்பரம் அதைக் காதில் வாங்கவில்லை. "மொட்டு வெச்சா எறும்பு வரும். எறும்பு வர்றது நல்ல சகுனம். எனக்குக் காட்பாடியில இருந்து வந்துச்சு, வரிசையா. அதுங்க தாண்டட்டும்னு ரயில்வே கேட்டுல அரை மணி நேரம் வண்டியை நிறுத்தி வெச்சிட்டாங்க."

"பூத்துச்சா?" என்றேன்.

"பூத்துச்சாவா? அண்டா அளவு! தலை கனத்துச் சாயுமேன்னு சவுக்குக் கழி நட்டேன். கழி முறிஞ்சுது, பூ சாயலை. வாசனை ஆம்பூர் வரைக்கும் போய், பிரியாணிக் கடையில ஒருத்தனும் சாப்பிடாம மோந்துக்கிட்டே உக்காந்திருந்தானாம். கடைக்காரர் என் கால்ல விழாத குறை."

"இப்ப பூ எங்க சார்?" தசரதன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு இலைகூட இல்லை.

"நேத்துதான் உதிர்ந்தது. ஒரு இதழைப் பாலாத்துல விட்டேன். மூணு பேர் அதுல பரிசல்ல போற மாதிரி உக்காந்து அக்கரைக்குப் போனாங்க."

"பாலாத்துல ஏது சார் தண்ணி? மணல்தானே கிடக்கு!"

"எல்லாம் நம்ம ஐஸ் உருகின தண்ணிதான்! மாடியில இருந்து இறங்கி ஆறாவே ஓடுச்சு சார்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "சார், ஆத்துக்குப் போற வழியில அது எங்க ஹால்ல எறங்கிட்டுப் போச்சா?" என்றேன்.

கஸ்தூரி அக்கா பதறி எழுந்தார். "ஐயோ, இவர் புளுகுறாருங்க! ஐஸும் இல்லை, பூவும் இல்லை. கிழங்கு வந்த வாரமே அழுகிப் போச்சு."

தசரதன் பெருமூச்சு விட்டார். "அவ்வளவுதானே! சார், நான் ஐஸே வைக்கலை, சொன்னதெல்லாம் புளுகுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்க மேல தப்பில்லை. இந்தம்மா தளத்தை அவங்களே பார்த்துக்குவாங்க."

மனுஷன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடுவார். நான் நனைவேன்.

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மனைவியை முறைத்தார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"யாரைப் பார்த்துப் புளுகுங்கறே? தசரதன் சார், நான் வெச்சேன். தினம் நாலு பார்!"

கஸ்தூரி அக்கா மறுபடி உட்கார்ந்து, வடாம் அச்சைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னார்.

"நல்லதாப் போச்சு. நாலு பார் ஐஸைத் தோள்ல தூக்கிட்டு ஏறினவருக்கு நாலு மூட்டை சிமெண்ட் எம்மாத்திரம்? நாளைக்குக் காலையில ஆரம்பிங்க."